ஒருமனதாக

கட்சிச் செயலாளர் டான் எவாரிஸ்தோ கறுப்புக் காரில் வந்து இறங்கியபோது எர்சிலியா பொலான்கோ பள்ளிக்கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஜெனரலின் பிறந்தநாள். நாட்டிலுள்ள எல்லாப் பள்ளிக்கூடங்களும் வெள்ளையடித்து நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. உத்தரவுதான் வரும், ஆள் வராது. தலைமையாசிரியை என்று பேர். வாளியும் மட்டையும் அவள் கையில்தான்.

காரைப் பார்த்ததும் அவள் கரைப்பதை நிறுத்தினாள். அந்த மலையூருக்குக் கறுப்புக் கார் வந்தால் யாரையாவது ஏற்றிக்கொண்டு போகத்தான் வரும். போன மழைக்காலத்தில் அவள் தம்பி நிக்கனோரை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். ஜெனரலுக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் அடித்தான் என்று குற்றம். இப்போது தலைநகரத்துக் கடலோரக் கோட்டையில், கீழ்த்தளத்தில் கிடந்தான்.

டான் எவாரிஸ்தோ நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். வெள்ளை லினன் கோட்டில் ஒரு கசங்கல் இல்லை.

"டோன்யா எர்சிலியா, நல்ல சேதியோட வந்திருக்கேன். நம்ம பெண்களுக்கு நாடாளுமன்றத்துல இடம் கொடுக்கணும்னு ஜெனரல் முடிவு பண்ணிட்டார். முதல் பெண் உறுப்பினர் நீங்கதான்."

"எனக்கு அரசியல் தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்க வேண்டாம்னுதான் உங்ககிட்ட வந்தோம். அதோட நீங்க கல்யாணம் ஆகாதவங்க. புருஷன்கிட்ட சம்மதம் வாங்கற வேலையும் மிச்சம்."

"தேர்தல் அடுத்த மாசம்தானே வருது?"

"தேர்தல் அடுத்த மாசம்தான். நீங்க ஜெயிச்சது போன வாரமே."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எர்சிலியா சிரிக்கவில்லை. மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவள் செருப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"யோசிக்கறீங்க போல" என்றார் அவர், ஒரு மாணவி கொண்டுவந்த காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே. "யோசிங்க. கோட்டையோட கீழ்த்தளம் ரொம்ப ஈரம்னு சொல்றாங்க. கடல் கொந்தளிச்சா தண்ணி உள்ளயே வந்துடுமாம். உங்க தம்பிக்கு நெஞ்சுச் சளி உண்டில்ல? மேல்தளத்துல ஜன்னல் வச்ச அறை ஒண்ணு காலியாகுது. உறுப்பினரோட தம்பின்னா தாராளமாக் கொடுக்கலாம்."

காப்பி நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். எர்சிலியா மிச்சச் சுவரையும் அடித்து முடித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பதவியேற்பு நாளில் அவள் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். அவள் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்து, ஜெனரலின் சித்திரத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். "முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க, நன்றியோட பாருங்க" என்று ஒருவன் சொல்லிக்கொடுத்தான்.

அதன்பிறகு அவள் வாழ்க்கை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியதுபோல ஆயிற்று. தங்குவதற்குக் கட்சி ஒரு வீடு கொடுத்தது. காலையில் கார் வரும், சபையில் கொண்டுபோய் விடும். முடிந்ததும் அதே கார் வீட்டில் கொண்டுவந்து விடும். டிரைவர் பேர் ஃபாபியான். வாய் ஓயாமல் பேசுவான். "டோன்யா, இன்னிக்கு மருந்துக்கடைக்குப் போனீங்களாமே, உடம்புக்கு என்ன?" என்பான். அவள் போனது அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதில்லை. சமையற்காரப் பெண்ணைக் கொடுத்ததும் கட்சிதான்.

சபைக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கட்டியவர்கள் அப்படி ஒருத்தி வருவாள் என்று நினைத்திருக்கவே இல்லை. முதல் நாள் கேட்டபோது காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர்ச்சாரி மடாலயத்தைக் காட்டினார். கூட்டம் நடக்கையில் எழுந்து வெளியே போக யாருக்கும் அனுமதி இல்லை. அதனால் விடிந்ததிலிருந்து கூட்டம் முடிகிற வரைக்கும் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. மத்தியான வெயிலில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்து இருக்கை டான் லுபெர்த்தோ என்ற கரும்புத் தோட்டக்காரருடையது. பெருத்த உடம்பு, நல்ல மனுஷன், பாதி நேரம் தூங்குவார். தூக்கத்திலேயே கை மட்டும் சரியான நேரத்துக்கு மேலே போகும்.

"ரொம்ப சுலபமான வேலைம்மா" என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார். "கையைத் தூக்கணும், இறக்கணும். தோள்பட்டை வலி மட்டும் வராமப் பாத்துக்கோங்க."

ஒரு நாள் சபைச் செயலர் துறைமுக வரி மசோதாவைப் படித்துக்கொண்டிருந்தபோது, வேறொரு மசோதாவின் தாள் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் கவனிக்காமல் படித்துக்கொண்டே போனார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் எல்லாம் கால்நடை மருத்துவரிடம் கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிந்தது. ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. எல்லாக் கைகளும் மேலே போயின. ஒருமனதாக நிறைவேறியது என்று சபைத்தலைவர் மணியடித்தார். அரசிதழிலும் அப்படியே அச்சாகி வந்தது.

எர்சிலியா டான் லுபெர்த்தோவின் பக்கம் குனிந்து, "கப்பலுக்குத் தடுப்பூசியா?" என்று கேட்டாள்.

"மேலேர்ந்து அப்படித்தான் வந்திருக்கும்னு நினைச்சுக்கணும்."

"யாராவது கேட்கக் கூடாதா?"

"கேட்டா, இது எல்லாருக்கும் தெரியுமே, உனக்கு மட்டும் ஏன் சொல்லலைன்னு ஆகிடும். அந்த மாதிரி மேலேர்ந்து சேதி வராதவங்களை அப்புறம் இங்க நான் பார்த்ததில்ல." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாதத்துக்கு ஒரு தடவை நிக்கனோரைப் பார்க்க விட்டார்கள். அவனை மேல்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னல் இருந்தது. இருமல் குறைந்திருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவள் கொண்டுபோன கொய்யா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தான்.

"ஜன்னல் அறைக்கு மாத்தினப்பவே தெரிஞ்சுதுக்கா. நீ எதையோ கொடுத்திருக்கேன்னு."

"ஒண்ணும் கொடுக்கல. கையைத் தூக்கறேன், அவ்வளவுதான்."

"என்னை மாதிரி ஆளுங்களை உள்ள போடற சட்டத்துக்கும் தூக்கினியா?"

அவள் மிட்டாய்ப் பொட்டலத்தை மறுபடி மடித்தாள். தூக்கித்தான் இருந்தாள். பிறகு அவனே பேச்சை மாற்றி, சமையற்காரி வாழைக்காயை ஒழுங்காக வறுக்கிறாளா என்று கேட்டான்.

இரண்டாம் வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு டான் எவாரிஸ்தோ வீட்டுக்கு வந்தார். கல்யாணமான ஆசிரியைகளை எல்லாம் வேலையிலிருந்து எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அந்த இடங்களில் கட்சிப் பையன்களைப் போட வேண்டும். பையன்கள் சும்மா திரிகிறார்கள். சும்மா திரிகிற பையன்கள் ஆபத்து.

"வெளியே வேற மாதிரி சொல்லுவோம். தாயோட இடம் வீடு, அப்படி இப்படின்னு. அதை ஒரு ஆம்பளை சொன்னா நல்லா இருக்காது. நீங்க கொண்டுவந்தா ஒரு வாய் எதிர்த்துப் பேச முடியாது. பேச்சையும் எழுதியாச்சு. ரொம்ப உருக்கமா இருக்கு."

எர்சிலியா அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் மட்டும் பாதிப் பேருக்கு மேல் கல்யாணமானவர்கள்.

"எனக்கு உடம்பு முடியல. வேற யாரையாவது…"

"டாக்டரை அனுப்பறேன்." அனுப்பவும் செய்தார். டாக்டர் நாடி பார்த்து, முழு ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவளே கட்சி அலுவலகத்துக்குப் போனாள். "நான் பதவியை விட்டு விலகிக்கறேன். ஊருக்குப் போறேன்."

டான் எவாரிஸ்தோ எழுந்து வந்து கதவைச் சாத்தினார். இரக்கத்தோடு பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். "இங்க யாரும் தானா விலகறதில்லைம்மா. விலக்குவாங்க. அதுக்கப்புறம் ஊருக்குப் போறது நடக்காது. நீங்க மட்டும்னா பரவாயில்ல. கோட்டையில ஒருத்தர் இருக்கார்."

அந்த வாரக் கடைசியில் கசில்டா வந்தாள். மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் எர்சிலியாவோடு சேர்ந்தே வேலைக்குச் சேர்ந்தவள். அவள் புருஷனுக்குச் சர்க்கரை ஆலையில் ஒரு கை போய்விட்டது. நாலு பிள்ளைகள். பஸ்ஸில் நாள் முழுக்க வந்திருந்தாள், முடியெல்லாம் புழுதி. வராந்தாவில் ஆடு நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே ஃபாபியான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"என்னமோ சட்டம் வருதாமே எர்சிலியா. கல்யாணமானவங்களை எடுத்துடப் போறாங்களாம். ஊர்ல ஒருத்திக்கும் தூக்கமில்ல."

எர்சிலியா காப்பியை ஊற்றினாள்.

"உள்ள இருக்கறவ நீ ஒருத்திதான். நீ சொல்லாம யாருடி சொல்லுவா? சண்டை போடச் சொல்லல. ஒரு வார்த்தை. நாலு பிள்ளைங்க இருக்கு, புருஷனுக்குக் கையில்லைன்னு சொல்லு. என் பேரையே சொல்லு. எனக்கு வெட்கமில்ல."

காரைத் துடைக்கிற சத்தம் நின்றிருந்தது.

"ஜெனரல் எது செஞ்சாலும் நாட்டோட நல்லதுக்குத்தான் செய்வார்" என்றாள் எர்சிலியா. சத்தமாகவே சொன்னாள்.

கசில்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டு ரவிக்கை, கழுத்தில் கட்சி வில்லை, புது நாற்காலி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"உன் படம் வந்த பேப்பரைக் கிளாஸ்ல ஒட்டி வச்சேன். பொண்ணுங்களா, பாருங்கடின்னு சொன்னேன்." எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "கிழிச்சுப் போட்டுடறேன்."

காப்பி அப்படியே இருந்தது. தெருமுனை வரைக்கும் அவள் நடந்து போவதை எர்சிலியா பார்த்தாள். கூப்பிட்டால் திரும்பியிருப்பாள். கூப்பிடவில்லை.

மசோதா வந்த அன்று சபை நிறைந்திருந்தது. மேல்மாடத்தில் தூதர்களின் மனைவிகள் தொப்பியும் விசிறியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் பேசுவதைக் கேட்க வெளிநாட்டு நிருபர்களையும் அழைத்திருந்தார்கள். எல்லாம் டான் எவாரிஸ்தோவின் ஏற்பாடு. அவர் மட்டும் அங்கே இல்லை. அரண்மனையில் விருந்து ஏற்பாட்டைக் கவனிக்கப் போயிருந்தார்.

எர்சிலியா தாளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அந்த நேரம் வரைக்கும் அவள் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. பின்னாளில் எத்தனை தடவை யோசித்துப் பார்த்தும் இருந்ததாக அவளால் சொல்ல முடியவில்லை. தாயின் பெருமை, பிள்ளைகளின் எதிர்காலம், ஜெனரலின் கருணை என்று எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் படித்தாள். மேல்மாடத்தில் விசிறிகள் அசைந்தன. டான் லுபெர்த்தோ குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

பேச்சு முடிந்து சட்டத்தின் வாசகம் வந்தது. மணமான ஆசிரியைகள் அனைவரும் பணியிலிருந்து விலக்கப்படுவர் என்று தாளில் இருந்தது. எர்சிலியா காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. எச்சில் கூட்டி விழுங்கினாள்.

"மணமான காரணத்தைக் காட்டி எந்த ஆசிரியையும் பணியிலிருந்து விலக்கப்படலாகாது" என்று படித்தாள்.

குரல் மாறவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்துகிற குரல்தான்.

சபைத்தலைவர் தன் முன்னால் இருந்த நகலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி நகலைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்புவது எர்சிலியாவுக்குத் தெரிந்தது. கடைசி நேரத்தில் அரண்மனையிலிருந்து திருத்தம் வருவது புதிதல்ல. தனக்குச் சொல்லாமல் இந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அவர் செயலரைப் பார்த்தார். செயலர் அவசரமாக எதையோ எழுத ஆரம்பித்தார். முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தங்களுக்கு முன்னமே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

"ஆதரிக்கிறவர்கள்?" என்றார் சபைத்தலைவர்.

டான் லுபெர்த்தோவின் கைதான் முதலில் போனது. பிறகு எல்லாக் கைகளும்.

மேல்மாடத்தில் கைதட்டல் எழுந்தது. தூதர்களின் மனைவிகள் எழுந்து நின்று தட்டினார்கள். நிருபர்கள் தந்தி ஆபீசுக்கு ஓடினார்கள்.

டான் எவாரிஸ்தோ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தாழ்வாரத்தில் அவள் கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன பண்ணிட்டீங்க? யார் சொல்லி?"

"நீங்க கொடுத்ததைத்தான் படிச்சேன்."

"நான் கொடுத்தது அது இல்ல."

"அப்ப போய்ச் சொல்லுங்க. ஜெனரல்கிட்ட. நான் எழுதிக் கொடுத்தேன், கேக்க ஆள் வைக்காம விருந்துக்குப் போயிட்டேன், சபை முழுக்க கையைத் தூக்கிடுச்சுன்னு சொல்லுங்க."

அவர் அவள் கையை விட்டார். வெளியே வராந்தாவில் யாரோ அவளைப் படமெடுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"என் மூணு பொண்ணுங்களும் சின்னவங்க டோன்யா" என்றார் அவர். கோபம் போய், கெஞ்சுகிற குரல் வந்திருந்தது. அந்தக் குரல் அவளுக்கு நன்றாகவே தெரியும், அவளே அவரிடம் பேசிய குரல். அவரும் தன்னோடு கிணற்றுக்குள் விழுந்துவிட்டார் என்று தெரிந்தபோதும் அவளுக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் எதுவும் நடக்கவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. ஃபாபியான் பேச்சை நிறுத்திவிட்டான். சமையற்காரி தட்டை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். எர்சிலியா மாற்றுடை ஒன்றையும் தம்பிக்கு வாங்கிய மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்துவிட்டு, உடை மாற்றாமலே ஆடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அரண்மனைக்கு அழைத்தார்கள். ஜெனரல் நல்ல மனநிலையில் இருந்தார். மேசைமேல் வெளிநாட்டுப் பத்திரிகைகள் பரப்பிக் கிடந்தன. எல்லாவற்றிலும் அவரைப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

"நான் பெண்களுக்குக் கொடுத்த சட்டத்தை ரொம்ப அழகாப் படிச்சீங்களாம்" என்றார்.

"உங்க கருணை, ஜெனரல்."

"ஆமா. என் கருணை." எழுந்து வந்து தன் கையாலேயே அவள் ரவிக்கையில் ஒரு பதக்கத்தைக் குத்தினார். ஊசி தோலைத் தொட்டது. அவர் மெதுவாகத்தான் குத்தினார். "இவ்வளவு நல்லாப் படிக்கறவங்களை விடக் கூடாது. உயிரோட இருக்கற வரைக்கும் நீங்க உறுப்பினர்தான். ஆனா இனிமே படிச்சுக் கஷ்டப்பட வேண்டாம். கையை மட்டும் தூக்குங்க." பிறகு நினைவு வந்தவர்போல, "உங்க தம்பி அறையில ஜன்னல் இருக்காமே. வெயில்ல கண்ணு கூசும். பாவம்" என்றார்.

அந்த மாதம் கோட்டைக்குப் போனபோது அவளை மேலே கூட்டிப்போகவில்லை. கீழே அழைத்துப் போனார்கள். நிக்கனோர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தரையெல்லாம் ஈரம். அவள் வாயைத் திறக்கு முன் அவனே பேசினான்.

"காவல்காரன் சொன்னான்க்கா. அவன் பொண்டாட்டி டீச்சராம். நீ படிச்சதைக் கேட்டுட்டு வந்தவங்க எல்லாம் ஜெனரல் கொடுத்தார் ஜெனரல் கொடுத்தார்ங்கறாங்க." இருமல் வந்தது, முடியும் வரைக்கும் காத்திருந்தான். "அவரா கொடுப்பார்? நீதானே?"

வாசலில் சிப்பாய் நின்றிருந்தான். "ஜெனரல் கொடுத்தார்" என்றாள் எர்சிலியா.

நிக்கனோர் சிரித்தான். வீட்டில் திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்றுவிட்டு ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் நின்ற நாட்களில் சிரித்த சிரிப்பு. "நீ எப்பவுமே மோசமா பொய் சொல்லுவே."

"உன்னை மறுபடி இங்க கொண்டுவந்துட்டாங்களேடா."

"மேலே இருந்தப்ப ஜன்னல் வழியா எதிர்ச்சுவர்தான் தெரிஞ்சுது. பெரிய நஷ்டம் ஒண்ணுமில்ல."

அவன் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. உடலைக் கொடுத்தார்கள், உறுப்பினரின் தம்பி என்பதால் கொடுத்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் கார் வந்தது. அவள் சபைக்குப் போனாள். பிடித்து வைத்திருக்க இப்போது தம்பி இல்லை. விலகிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் விலகினால் அந்தச் சட்டத்தை யார் நினைவு வைத்துக் கிளறுவார்களோ என்ற பயம் இப்போது அவன் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவள் பதவியில் இருக்கும்வரை அது ஜெனரலின் பெருமை. அவள் போனால் வெறும் தாள். அதனால் கையைத் தூக்கினாள். சிறைகளுக்குத் தூக்கினாள், ஜெனரலின் சிலைகளுக்குத் தூக்கினாள், ஊர்ப் பெயர்களை மாற்றுவதற்குத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களிடமும் அவள் எதையும் சொன்னதில்லை.

சில வருடம் கழித்து, புதுப் பள்ளிக்கூடத் திறப்புக்கு அவளை மலையூருக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று ஜெனரலுக்கு வாழ்த்துப் பாடினார்கள். பாட்டை நடத்தியவள் கசில்டா. தலை நரைத்திருந்தது. இப்போது அவள்தான் தலைமையாசிரியை. நிகழ்ச்சி முடிந்து ரொட்டியும் பழரசமும் கொடுக்கையில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

"பிள்ளைங்க நல்லாப் பாடினாங்க" என்றாள் எர்சிலியா. "உன் பசங்க எப்படி இருக்காங்க?"

"பெரியவன் மெக்கானிக். பொண்ணு என்னை மாதிரியே டீச்சர் ஆயிட்டா." கசில்டா ரொட்டித் தட்டை மேசையில் வைத்தாள். "அன்னிக்கு உன் வாசலுக்கு வந்து கெஞ்சினேன். நீ மனசு வைக்கல. கடைசியில அந்த மனுஷன் மனசு வச்சார், அவரைப் பத்தி ஊர்ல என்னென்னவோ சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. என் பிள்ளைங்க சோறு தின்னுது."

பக்கத்தில் ஃபாபியான் ரொட்டியை மென்றுகொண்டு நின்றான். மாவட்ட ஆளுநர் இரண்டடி தள்ளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள் எர்சிலியா. "அவர் மனசு வச்சார்."

கசில்டா மரியாதைக்குத் தலையை ஒரு தடவை அசைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பிப் போனாள். கைகொட்டி அவர்களை வகுப்புக்கு விரட்டினாள். நல்ல கணீர்க் குரல் அவளுக்கு. முற்றம் தாண்டிக் கேட்டது. இரண்டாவது வரிசைக்காரர்களை ஸ்லேட்டை எடுக்கச் சொல்லி, ஒருத்தியை மூக்கைச் சிந்தச் சொல்லி, பெருக்கல் வாய்ப்பாட்டை ஆரம்பித்து வைத்தாள். எர்சிலியா காரில் ஏறிய பிறகும் கொஞ்ச தூரத்துக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது. ஃபாபியான் ஜன்னலை ஏற்றட்டுமா, புழுதி வருமே என்று கேட்டான். வளைவு தாண்டட்டும், அப்புறம் ஏற்று என்றாள்.